ரெசிப்ரோகல்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

ஒப்பந்தங்கள், அறிக்கைகள், கல்லூரிக் கடிதங்கள் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றித் தருவதுதான் என் தொழில். இந்த வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி விளக்கம் கேட்கப்படும் சொற்களில் ஒன்று 'ரெசிப்ரோகல்'. அகராதியைத் திறந்தால் 'பரஸ்பரமான' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். 'மியூச்சுவல்' என்று தேடினாலும் அதே 'பரஸ்பரமான'தான் வந்து நிற்கும். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்று கேட்பார்கள். ஒன்றல்ல. சில இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வேறு சில இடங்களில் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும்.

நான் பார்க்கும் முறை இது. ஒரு பக்கத்திலிருந்து ஒன்று போகிறது. அதற்குப் பதிலாக மறுபக்கத்திலிருந்து அதே வகையான ஒன்று வருகிறது. அதுதான் ரெசிப்ரோகல். ஆக, அதற்குள் எப்போதும் இரண்டு செயல்கள் இருக்கும். இரண்டாவது, முதலாவதற்கான பதிலாக இருக்கும். வாக்கியத்தில் இந்த இரண்டு செயல்களையும் உங்களால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தால் இந்தச் சொல்லைத் தயங்காமல் போடலாம்.

சொல்லின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. லத்தீனில் 'ரெசிப்ரோகஸ்' என்றால் முன்னும் பின்னும் போய்வருவது என்று பொருள். கடல் உள்வாங்குவதையும் பொங்கி ஏறுவதையும் சொல்ல அதைப் பயன்படுத்தினார்கள். எந்திரத் தொழிலில் இந்தப் பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்ப்போய் வரும் எஞ்சினுக்கு 'ரெசிப்ரோகேட்டிங் எஞ்சின்' என்று பெயர். அதில் பரஸ்பரமும் இல்லை, ஒருவருக்கொருவரும் இல்லை. போவதும் வருவதும் மட்டும்தான்.

இப்போது மியூச்சுவலுக்கு வருவோம். அங்கே இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு விஷயம். எனக்கும் உங்களுக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் அவர் நம்முடைய 'மியூச்சுவல் ஃப்ரெண்ட்'. அவரை 'ரெசிப்ரோகல் ஃப்ரெண்ட்' என்று எந்த ஆங்கிலக்காரரும் சொல்ல மாட்டார். அங்கே போவதும் இல்லை, வருவதும் இல்லை; ஒரே ஆளை இருவரும் பகிர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான். விவாகரத்து மனுவில் வரும் 'மியூச்சுவல் கன்சென்ட்' என்பதும் அப்படித்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே முடிவுக்குச் சம்மதிக்கிறார்கள். மனைவி சம்மதித்ததற்குக் கைமாறாகக் கணவன் சம்மதித்தான் என்று அதற்குப் பொருள் இல்லை. பலர் போட்ட பணத்தை ஒரே நிதியாகச் சேர்த்து நிர்வகிப்பதுதான் மியூச்சுவல் ஃபண்ட். அங்கேயும் பகிர்வுதான்.

'எனக்கும் அதே எண்ணம்தான்' என்று ஒருவர் பதில் சொல்வதை ஆங்கிலத்தில் 'தி ஃபீலிங் இஸ் மியூச்சுவல்' என்பார்கள். இது மரபுத்தொடர், மாற்றக் கூடாது. அதே இடத்தில் ரெசிப்ரோகல் போட்டால் இலக்கணப் பிழை ஆகாது. ஆனால் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்துவந்தது மாதிரி விறைப்பாக ஒலிக்கும். அதே சமயம், ஒருவர் அன்பு காட்டினார், மற்றவரிடமிருந்து பதில் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் 'ரெசிப்ரோகேட்' என்ற வினைச்சொல் மிகச் சரியாக உட்காரும். இளைஞர்கள் தமிழ்ப் பேச்சிலேயே 'நான் காட்டுற அக்கறைய அவ ரெசிப்ரோகேட் பண்ணல' என்று சொல்கிறார்கள். அதில் பொருள் துல்லியமாக இருக்கிறது: போனது உண்டு, வந்தது இல்லை.

இரண்டு சொற்களும் எங்கே பிரிகின்றன என்பதை உயிரியல் காட்டுவது மாதிரி வேறெதுவும் காட்டுவதில்லை. தேனீயும் பூவும் வைத்திருக்கும் உறவுக்கு 'மியூச்சுவலிசம்' என்று பெயர். தேனீ தேனை எடுக்கும்போதே மகரந்தமும் இடம் மாறிவிடுகிறது. ஒரே நிகழ்வில் இரண்டு பேருக்கும் லாபம். யாரும் யாருக்கும் கடன்படவில்லை. ரத்தம் குடிக்கும் வாம்பயர் வௌவால்களிடம் கதை வேறு. அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் அந்த வௌவால் பட்டினியில் செத்துவிடும். அப்போது வயிறு நிறைந்த இன்னொரு வௌவால், தான் குடித்த ரத்தத்தைக் கக்கி அதற்கு ஊட்டுகிறது. பிறகொரு நாள் ஊட்டிய வௌவால் பசியோடு திரும்பினால் முன்பு வாங்கியது கொடுக்கிறது. உயிரியலாளர் ஜெரால்டு வில்கின்சன் இதைப் பற்றிய ஆய்வை 1984-இல் வெளியிட்டார். முன்பு உதவி பெற்றவை பின்னாளில் உதவுகின்றன என்ற இந்த ஏற்பாட்டுக்கு பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் 1971-லேயே ஒரு பெயர் வைத்திருந்தார்: 'ரெசிப்ரோகல் ஆல்ட்ரூயிசம்'. ஆல்ட்ரூயிசம் என்றால் தனக்கு நஷ்டம் வந்தாலும் பிறருக்கு உதவுவது. இதை 'மியூச்சுவல்' என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. கொடுக்கும் நாளில் கொடுப்பவருக்கு நஷ்டம் மட்டும்தான். பதில் எப்போதோ வருகிறது. அந்தக் கால இடைவெளியைத் தாங்கும் சொல் ரெசிப்ரோகல்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் உடனே வர வேண்டும் என்பதில்லை. ஒரு நாட்டின் அதிபர் இந்த ஆண்டு வந்துபோகிறார், அடுத்த ஆண்டு நம் தலைவர் அங்கே போகிறார் என்றால் அதுவும் 'ரெசிப்ரோகல் விசிட்'தான். அப்புறம், வருவது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நாடு நான்கு தூதரக அதிகாரிகளை வெளியேற்றினால் எதிர்நாடும் நான்கு பேரை வெளியேற்றும். அதுவும் ரெசிப்ரோகல் நடவடிக்கையே. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, நாடுகளுக்கிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு நாடு உன் தூதரகத்திடம் ஒரு விதியை இறுக்கமாக நடைமுறைப்படுத்தினால் நீயும் அதன் தூதரகத்திடம் அப்படியே செய்யலாம், அது பாகுபாடு ஆகாது என்று இடம் விடுகிறது. ஆனாலும் இந்தச் சொல்லுக்குள் கோபமோ பழிவாங்கலோ கிடையாது. அதைச் சொல்ல வேண்டுமானால் 'ரிட்டாலியேட்டரி' என்ற தனிச்சொல் இருக்கிறது. தமிழில் 'பதிலடி' என்று எழுதும் முன் மூலத்தில் எது இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா அறிவித்த 'ரெசிப்ரோகல் டாரிஃப்' பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தச் சொல்லைப் பலருக்குப் பழக்கப்படுத்தியதே அந்த அறிவிப்புதான். 'பரஸ்பர வரி' என்று தமிழில் எழுதினார்கள். நீ எவ்வளவு வரி போடுகிறாயோ அவ்வளவு நானும் போடுவேன் என்றுதான் சொல் நமக்குச் சொல்கிறது. ஆனால் அன்று வெளியிட்ட கணக்கு அப்படி இல்லை. ஒரு நாட்டுடன் அமெரிக்காவுக்கு இருக்கும் வர்த்தகப் பற்றாக்குறையை, அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியின் மதிப்பால் வகுத்து, விடையில் பாதியை எடுத்து விகிதம் போட்டிருந்தார்கள். குறைந்தது 10 சதவீதம் என்றும் வைத்திருந்தார்கள். எதிர்நாடு உண்மையில் வசூலிக்கும் வரிக்கு இது நேரடியான பதில் அல்ல. எனவே சொல்லின் வழக்கமான பொருளில் பார்த்தால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. இதே அமெரிக்காவில் 1934-இல் 'ரெசிப்ரோகல் டிரேட் அக்ரிமென்ட்ஸ் ஆக்ட்' என்று ஒரு சட்டம் வந்தது. எதிர்நாடு வரியைக் குறைத்தால் அதற்கு ஈடாக நாமும் 50 சதவீதம் வரை குறைக்கலாம் என்று அது அதிபருக்கு அதிகாரம் கொடுத்தது. அங்கே சொல் முழுப் பொருளோடு நிற்கிறது: நீ குறைத்தாய், பதிலுக்கு நான் குறைத்தேன். பெயராக வைத்துவிட்ட சொல்லை மொழிபெயர்ப்பவர் திருத்த முடியாது. 'ரெசிப்ரோகல் வரி' என்றோ 'பரஸ்பர வரி' என்றோ பெயராகவே எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

இனி தமிழில் எழுதும் வேலை. 'பரஸ்பர' என்ற சொல் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. 'பரஸ்பர நம்பிக்கை', 'பரஸ்பர மரியாதை' என்றால் எல்லாருக்கும் புரியும். ஆனால் அது மியூச்சுவல் பக்கம் சாய்ந்த சொல். ரெசிப்ரோகலை எல்லா இடத்திலும் அதைக் கொண்டே அடைத்தால் யாருக்கு என்ன கடமை என்பது மறைந்துபோகும். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் இந்த மாதிரி ஒரு வரி வரும்: இரு தரப்பும் 'ரெசிப்ரோகல் லைப்ரரி ஆக்சஸ்' வழங்க வேண்டும். சொல்லுக்குச் சொல் போட்டால் 'பரஸ்பர நூலக அணுகல்' என்று வரும். மூன்று சொற்களும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன, ஆனால் படிக்கும் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. நான் அதை விரித்து எழுதுவேன்: 'இங்கே படிப்பவர்கள் அங்குள்ள நூலகத்தையும், அங்கே படிப்பவர்கள் இங்குள்ள நூலகத்தையும் பயன்படுத்தலாம்.' நீளம் கூடுகிறதே என்றால், கூடட்டும். விரிக்கும்போதுதான் மூலத்தில் உள்ள ஓட்டைகள் கண்ணில் படும். இங்குள்ள ஆசிரியர்களுக்கும் உண்டா, மாணவர்களுக்கு மட்டுமா? புத்தகத்தை வெளியே எடுத்துப்போகலாமா, உள்ளே உட்கார்ந்து படிக்க மட்டுமா? ஒரு பக்கம் கொடுப்பதும் மறுபக்கம் கொடுப்பதும் ஒரே அளவா? ரெசிப்ரோகல் என்ற சொல், பதிலுக்கு ஒன்று உண்டு என்று மட்டும்தான் உறுதி சொல்கிறது. சம அளவு என்று அது சத்தியம் செய்து கொடுப்பதில்லை. அளவு முக்கியமானால் ஒப்பந்தத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

சட்ட நூல்கள் இந்தச் சொல்லை எடுத்தாளும் விதம் அழகானது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 2-ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு 'ரெசிப்ரோகல் ப்ராமிசஸ்' என்றால் என்ன என்று சொல்கிறது. ஒரு வாக்குறுதி இன்னொரு வாக்குறுதிக்கு முழுமையாகவோ பகுதியாகவோ மறுபயனாக அமைந்தால் அவை இரண்டும் ரெசிப்ரோகல் வாக்குறுதிகள். நான் சரக்கைக் கொடுக்கிறேன் என்று சொல்கிறேன், அதற்காக நீங்கள் பணம் தருகிறேன் என்கிறீர்கள். உங்கள் வாக்குக்கு விலை என் வாக்கு, என் வாக்குக்கு விலை உங்கள் வாக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டிய வாக்குகளாக இருந்தால், மற்றவர் தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாதபோது நான் என் பங்கைச் செய்யத் தேவையில்லை என்று 51-ஆம் பிரிவு சொல்கிறது. போவதும் வருவதும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. இதைத் தமிழாக்கும்போது நான் 'எதிரெதிர் வாக்குறுதிகள்' என்று எழுதுவதில்லை, சண்டை போலத் தோன்றும். 'ஒன்றுக்கொன்று ஈடான வாக்குறுதிகள்' என்று எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றையும் சட்டென்று பார்த்துவிடலாம். 'பைலேட்டரல்' என்றால் இரு தரப்பு சார்ந்தது. எத்தனை தரப்பு என்று மட்டும் அது சொல்லும், பதில் உண்டா என்று சொல்லாது. மருத்துவ அறிக்கையில் வரும்போது இடம் வலம் இரண்டு பக்கமும் என்று பொருள். 'பைடைரக்‌ஷனல்' தொழில்நுட்பச் சொல். கம்பியிலோ கருவியிலோ தகவல் இரு திசையிலும் ஓட வழி இருக்கிறது என்பதுதான் அதன் செய்தி. 'டூ-வே' அதையே பேச்சு வழக்கில் சொல்கிறது. வழி இருப்பது வேறு, பதில் வருவது வேறு. எதிர்ச்சொல் வேண்டுமானால் 'ஒன்-சைடட்', சட்டப் பேச்சில் 'யூனிலேட்டரல்', காதலுக்கு 'அன்ரிக்வைட்டட்'.

உச்சரிப்பில் பலர் முதல் அசையை அழுத்துகிறார்கள். அழுத்தம் இரண்டாவது அசையில், 'சிப்' மேல் விழ வேண்டும். மற்ற அசைகள் தேய்ந்துதான் ஒலிக்கும். காதில் ஏறக்குறைய 'ரிசிப்ரக்கல்' என்று விழும். 'ரெசிப்ரோகேட்' என்ற வினைக்கும் அதே இடம்தான். 'ரெசிப்ராசிட்டி' என்ற பெயர்ச்சொல்லுக்கு மட்டும் அழுத்தம் 'ப்ரா'வுக்கு நகரும். அதில் கடைசியில் 'க' ஒலி எப்படி 'ச' ஆனது என்று கேட்பவர்களுக்கு: ஆங்கிலத்தின் சி எழுத்துக்குப் பின்னால் ஏ வந்தால் க, ஐ வந்தால் ச. சொல்லுக்குள் இரண்டு சி இருப்பதால் எழுத்துக்கூட்டலிலும் இது கைகொடுக்கும்.

வாக்கியத்தில் இது பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்: அக்ரிமென்ட், அரேஞ்ச்மென்ட், ரிலேஷன்ஷிப், ரைட்ஸ், ஆப்ளிகேஷன் ஆகியவை இதன் வழக்கமான கூட்டாளிகள். 'தி அரேஞ்ச்மென்ட் இஸ் ரெசிப்ரோகல்' என்று பின்னால் வைத்தாலும் சரிதான். 'மோர் ரெசிப்ரோகல்' என்று ஒப்பிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். 'ஃபுல்லி' போடலாம், 'நாட் என்டயர்லி' போடலாம். வினையைப் பயன்படுத்தும்போது, பதிலுக்குக் கொடுக்கும் பொருளுக்கு முன்னால் 'வித்' வரும். 'ரெசிப்ரோகல் டு ஈச் அதர்' என்று எழுதுவது கூறியது கூறல்; ரெசிப்ரோகல் என்றாலே ஈச் அதர் உள்ளே இருக்கிறது.

ஆங்கில இலக்கணத்தில் 'ஈச் அதர்', 'ஒன் அனதர்' இரண்டுக்குமே 'ரெசிப்ரோகல் ப்ரோனவுன்' என்றுதான் பெயர். இதைத் தற்சுட்டுப் பெயரோடு குழப்பிக்கொள்வது அதிகம். 'தே பிளேம்ட் தெம்செல்வ்ஸ்' என்றால் தங்களைத் தாங்களே நொந்துகொண்டார்கள். 'தே பிளேம்ட் ஈச் அதர்' என்றால் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். தமிழில் இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது பாருங்கள்: 'ஒருவரையொருவர்', 'ஒருவருக்கொருவர்', 'ஒருவரோடொருவர்' என்று வேற்றுமை உருபுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறோம். அஃறிணைக்கு 'ஒன்றையொன்று'. ஆங்கிலத்தில் உள்ள பெயரடையை வினையாக்கி இந்த வடிவங்களில் ஒன்றைப் போட்டால் பாதி வாக்கியங்கள் தாமாகவே தமிழாகிவிடும். இருவருக்கு ஈச் அதர், இருவருக்கு மேல் ஒன் அனதர் என்று பள்ளியில் ஒரு விதி சொல்லித்தருவார்கள். நல்ல எழுத்தாளர்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை, நீங்களும் கவலைப்பட வேண்டாம்.

கணிதத்தில் இது பெயர்ச்சொல்லாகவே நடமாடுகிறது. பள்ளிப் பாடநூல் இதைத் 'தலைகீழி' என்கிறது, நல்ல சொல். 3/4-இன் தலைகீழி 4/3, 5-இன் தலைகீழி 1/5. ஓர் எண்ணையும் அதன் தலைகீழியையும் பெருக்கினால் எப்போதும் 1 வரும். பூச்சியத்துக்குத் தலைகீழி கிடையாது, ஏனென்றால் எதால் பெருக்கினாலும் அது 1 ஆகாது. 5-க்குத் தலைகீழி கேட்டால் -5 என்று சொல்லும் மாணவர்கள் உண்டு, அது கூட்டல் நேர்மாறு. மேல்வகுப்பில் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது: சைனுக்குத் தலைகீழி கோசீகண்ட், சைனின் நேர்மாறுச் சார்பு ஆர்க்சைன். ஆங்கிலத்தில் முதலாவது ரெசிப்ரோகல், இரண்டாவது இன்வர்ஸ்.

வானூர்தி ஓட்டுபவர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் 'ரெசிப்ரோகல்' என்றால் நேர் எதிர்த் திசை. போகும் திசை 180 பாகைக்குக் குறைவாக இருந்தால் 180-ஐக் கூட்டு, மிகுதியாக இருந்தால் கழி. 40 பாகை போனவர் திரும்பி வர 220 பாகை பிடிக்க வேண்டும். ஓடுபாதையின் இரு முனைகளிலும் எழுதியிருக்கும் எண்களைக் கவனித்தால் இது தெரியும். ஒரு முனையில் 09 என்றால் மறுமுனையில் 27. திசையின் பாகையை 10-ஆல் வகுத்து வைத்த எண்கள் அவை, எப்போதும் வித்தியாசம் 18. இந்த இடத்தில் 'பரஸ்பர திசை' என்று மொழிபெயர்த்தால் விபரீதம். 'எதிர்த்திசை' போதும்.

நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு கேள்வி வரும்: இந்தச் சொல் இங்கே தேவைதானா? அலுவல் கடிதம், ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை என்றால் போடுங்கள், அங்கே அது ஒரே சொல்லில் நிறைய வேலை செய்யும். நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'ஐ வில் டேக் ரெசிப்ரோகல் ஆக்‌ஷன்' என்று எழுதினால் அவர் பயந்துபோவார். அங்கே 'இன் ரிட்டர்ன்' என்று எழுதுங்கள். நீங்கள் என் கட்டுரையைத் திருத்திக் கொடுங்கள், பதிலுக்கு உங்களுடையதை நான் பார்க்கிறேன் என்பதற்கு 'இன் ரிட்டர்ன்' தாராளமாகப் போதும்.